கொதிக்கவைத்த பாக்டீரியா

1974 ஜூலை 13, சனிக்கிழமை, காலை ஆறே முக்கால் மணி. இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்து, இரும்புலியூர் வானம் மூடிக்கிடந்தது. எனக்கு வயது ஒன்பது.

வீட்டுக்குப் பின்னால் இருந்த அரை ஏக்கரில் அன்று உளுந்து விதைப்பு. சித்தப்பா கறுப்புப் பொடி அடைத்த பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்.

“இன்னாத்துக்குண்ணா உர மூட்டை? இதுல கோடி கோடியா பாக்டீரியா கீது. ஆறுன கஞ்சியில கலந்து விதையில பெரட்டு. காத்துல இருந்தே சத்த இழுத்துக் குடுக்கும்.”

“வெளையலன்னா?” என்றார் அப்பா.

“என் சைக்கிள எடுத்துக்கோ.”

உரத்துக்கு வைத்திருந்த பணம் தங்கையின் டைபாய்டு வைத்தியத்தில் கரைந்திருந்தது. அப்பாவுக்கு நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

நான் பொட்டலத்தை விட்டுத் தள்ளி நின்றேன். தங்கையை இருபத்தொரு நாள் படுக்கப்போட்டது பாக்டீரியா என்று டாக்டர் சொன்னதை நானே கேட்டேன். அன்றிலிருந்து அம்மா குடிதண்ணீரை இருபது நிமிடம் கொதிக்கவைப்பார்.

கஞ்சியில் பொடி கலக்கும் வேலை என்னிடம் வந்தது. அம்மா பால் வாங்கப் போயிருந்தார். பொடியைக் கஞ்சியில் கொட்டி அடுப்பில் ஏற்றி, ஆயிரத்து இருநூறு எண்ணும்வரை கொதிக்கவிட்டேன். பிறகு ஆறவைத்துக் கொடுத்தேன். குடும்பத்தைக் காப்பாற்றிய பெருமை அரை மணி நேரம் இருந்தது.

விதையை நிழலில் உலர்த்தியபடி சித்தப்பா சொன்னார்: “வெயில் படக்கூடாதுண்ணா. சூடு பட்டா அத்தினியும் செத்துடும். அப்பறம் வெறும் கரித்தூள்தான்.”

நான் கஞ்சிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். மறுநாள் மாதா கோயிலில் முழங்காலிட்டேன். நாலு நாள் கல்லறையில் கிடந்த லாசருவை எழுப்பியவருக்கு, ஒரு நாள் முன்பு செத்த பாக்டீரியா பெரிய வேலையா? எழுப்பினால் என் உண்டியல் மொத்தமும் அவருக்கே என்று நேர்ந்துகொண்டேன்.

முப்பத்தைந்தாம் நாள் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரெல்லாம் முடிச்சு, எண்ணினால் முப்பத்தேழு. ஏதோ நோய் என்று அழுதுகொண்டே அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் ஓடினேன். சித்தப்பா ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளினார். உள்ளே ரத்தச் சிவப்பு.

“பாத்தியாண்ணா! செவப்பா இருந்தா உள்ள பாக்டீரியா உசுரோட கீதுன்னு அர்த்தம்! என் பொட்டலமா கொக்கா?”

அப்பா ஒரு நீண்ட மூச்சு விட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிலுவைக் குறி போட்டேன். சித்தப்பாவின் சைக்கிளும் தப்பியது.

வருடக்கணக்காக உளுந்தும் காராமணியும் விளைந்த அந்த மண்ணில் அதே பாக்டீரியா ஏற்கெனவே குடியிருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. மறுநாள் ஞாயிறு, செத்ததை உயிர்ப்பித்தவருக்கு உண்டியலை உடைத்துக் காணிக்கைப் பையில் கொட்டினேன். எண்பத்தைந்து காசு.