ஆளில்லாத மேடு

எரிகிற அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டினால் ‘சொய்ங்’ என்று சத்தம் எழும்பும், அதைத் தொடர்ந்து ஈரச் சாம்பலின் நெடி மூக்கில் ஏறும். என் பிள்ளைப் பருவம் முழுக்க அந்த நெடிதான். எங்கள் மேட்டில் ஒரு குடிசையில் அந்தச் சத்தம் கேட்டால் அடுத்ததிலும் கேட்கும், அதற்கடுத்ததிலும் கேட்கும், பாதி வெந்த கேப்பைக் களியைச் சட்டியோடு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என் அம்மா, “காட்டுல பூந்துக்கோடி” என்று மெல்லச் சொல்லிவிட்டு முன்னால் நடந்துவிடுவாள். எங்கோ தூரத்தில் ஜீப் வருகிறது என்று அர்த்தம்.

நாங்கள் இருளர். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஏரிக்கும் முள்ளுக்காட்டுக்கும் நடுவிலிருந்த மேட்டில் இருபத்திரண்டு குடிசைகள். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைகளில் எலித் தொல்லை என்றால் ஓமந்தூர் வரைக்கும் எங்கள் ஆட்களைத்தான் கூப்பிடுவார்கள். வளையை வெட்டிப் பிடித்தால் எலியும் எங்களுக்கு, அது பாடுபட்டு உள்ளே சேர்த்து வைத்த மல்லாட்டையும் எங்களுக்கு. மற்ற நாட்களில் ஏரி நண்டும் நத்தையும். வயிறு காய்ந்த நாட்களும் இருந்தன, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் அந்தக் காலத்தை நினைத்தால் மண்வாசனையோடு சுட்ட மல்லாட்டையின் ருசிதான் எனக்கு முதலில் வருகிறது.

தொல்லை எல்லாம் போலீஸ் ஜீப்பால்தான். சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் எது காணாமல் போனாலும், தேடி வருகிறவர்களுக்கு எங்கள் மேடுதான் சுலபமான இடம். வந்தால் வெறுங்கையோடு திரும்பமாட்டார்கள், ஆண்கள் இரண்டு பேரையாவது ஏற்றிக்கொண்டு போவார்கள். அதனால் ஒளிவதை நாங்கள் ஒரு வித்தையாகவே பழகி வைத்திருந்தோம். அடுப்பு அணைந்ததும் சாம்பலின்மேல் பழைய மண்ணைத் தூவுவது, சட்டிபானையோடு பாயையும் சுருட்டி எடுப்பது, கடைசியாகப் போகிறவர் பின்னோக்கி நடந்தபடியே தழையால் காலடித் தடங்களை அழிப்பது என்று எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. நாய்கள்கூடக் குரைக்காமல் வாலை மடக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் காட்டுக்குள் போய்விடும். பிள்ளைகளில் நான்தான் கெட்டிக்காரி. காரைப் புதருக்குள் உட்கார்ந்தால் காலில் எறும்பு ஊர்ந்தாலும் அசையமாட்டேன். அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

நான் நாலாவது படித்த வருஷம் ஒரு வெள்ளை ஜீப் வந்தது. வழக்கம்போல ஒளிந்துகொண்டோம். அன்றைக்கு இறங்கியவர்கள் கையில் தடி இல்லை, அளக்கிற சங்கிலி இருந்தது. ஆனால் எங்களுக்கு எல்லா ஜீப்பும் ஒன்றுதான். கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர் குடிசைக்குள் குனிந்து பார்த்தார். “யாராச்சும் இருக்கீங்களா?” என்று இரண்டு தடவை கூப்பிட்டார். எனக்கு ஏழெட்டு அடி தள்ளித்தான் நின்றார், நான் நினைத்திருந்தால் இருமியிருக்கலாம். அவர் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாதம் மேட்டு முனையிலிருந்த பனைமரத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எங்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னைத் தூக்கிப் பிடித்துப் படிக்கச் சொன்னார்கள். பாழடைந்த குடிசைகள் சில உள்ளன, ஆட்கள் குடியிருப்பு ஏதுமில்லை, இந்தப் புறம்போக்கை வேறு உபயோகத்துக்குக் கொடுப்பதில் ஆட்சேபம் உள்ளவர்கள் தாலுகா ஆபீசில் தெரிவிக்கலாம் என்று நான் திக்கித் திணறிப் படித்து முடித்தேன். என் அப்பாவின் அக்கா குப்பம்மா அத்தைக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. “பாத்தியாடி, எவ்ளோ நல்லா மறைஞ்சிக்கினு இருந்திருக்கோம்!” என்று கையைத் தட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் அப்பா, “ஆளே இல்லன்னு எழுதிட்டா, நாளைக்கு வந்து நம்மள எழுப்பினா யாருகிட்ட போயி இன்னான்னு கேக்கறது?” என்றார்.

மேட்டில் மனை போட யாரோ கேட்டிருக்கிறார் என்று கொல்லை வேலைக்குப் போன இடத்தில் அம்மா கேள்விப்பட்டு வந்தாள். அதன் பிறகு அத்தை உட்காரவே இல்லை. பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு திண்டிவனம் தாலுகா ஆபீசுக்குப் போனாள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். யார் கண்ணிலும் படாமல் இருப்பதே பிழைப்பாக இருந்தவர்கள், ஊரே வந்து போகிற வாசற்படி ஓரத்தில் போய் உட்கார்ந்தோம். என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்றாம் நாள் ஒரு குமாஸ்தா, “இன்னாம்மா வேணும் உங்களுக்கு? தினம் வந்து குந்திக்கினு இருக்கீங்க?” என்று கேட்டார். அத்தை எழுந்து, “நாங்க இருக்கோம்னு எழுதணும் சார்” என்றாள். அவர் உள்ளே போய், அந்தக் கட்டம்போட்ட சட்டைக்காரரையே அழைத்து வந்தார். வருகிற வியாழக்கிழமை மறுபடி வந்து பார்ப்பதாக அவர் சொன்னார்.

அந்த வியாழக்கிழமை காலையில் அத்தை குடிசை குடிசையாகப் போய், “அடுப்ப அணைக்காதீங்க. யாரும் எழுந்திருக்காதீங்க. குந்தின எடத்துலயே குந்திக்கினு இருங்க” என்று சொல்லிக்கொண்டு வந்தாள். சொல்வது சுலபம். ஜீப் சத்தம் கேட்டதும் முதலில் நாய்கள் ஓடின. ஆண்கள் வேட்டியைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா களி கிண்டுவதை நிறுத்தவில்லை. நான் ஓடிவிட்டேன். ஓடவேண்டும் என்று நினைக்கவே இல்லை, காலே என்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. புதருக்குள் பாதி நுழைந்தபோதுதான் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. “வள்ளீ! வாடி இங்க!”

ஜீப் நிற்கும்போது எங்கள் மேட்டில் ஒரு பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டு நான் அதுவரை கேட்டதில்லை. அதுவும் என் பெயர். ஜீப்பிலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முள் கிழித்த கையோடு வெளியே வந்து, அவ்வளவு பேர் பார்க்க நடந்து போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவ்வளவு நீளமான வழியை நான் பிறகு நடந்ததே இல்லை.

எத்தனை காலமாக இருக்கிறீர்கள் என்று கட்டம்போட்ட சட்டைக்காரர் கேட்டார். எப்பவும், என்றார் அப்பா. எப்பவும் என்று எழுதினால் மேலே இருப்பவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், ஏதாவது அத்தாட்சி வேண்டும், ரசீது இல்லையா, கோயில் இல்லையா என்று அவர் பொறுமையாகத்தான் கேட்டார். எங்கள் கன்னியம்மாளுக்குக் கோயில் கிடையாது. மண்ணில் ஏழு கல்லை நட்டுக் கும்பிட்டுவிட்டு, முடிந்ததும் கலைத்துவிடுவது எங்கள் வழக்கம். சாமியின் தடத்தையும் நாங்களே அழித்து வைத்திருந்தோம். அப்போது குப்பம்மா அத்தை அவருடைய காலையே உற்றுப் பார்த்தாள். சுற்றியிருந்த தரையைவிடக் கொஞ்சம் உயரமான இடமாகப் பார்த்து அவர் ஏறி நின்றிருந்தார்.

“கொஞ்சம் எறங்குங்க சார். நீங்க நிக்கறது எங்க குப்பை மேல” என்றாள். எலி வளை வெட்டுகிற கடப்பாரையை அப்பா கையில் கொடுத்தாள். அப்பா குத்திக் கிளற, மேலாக நண்டு ஓடும் நத்தை ஓடும் வந்தன. முழங்கை ஆழத்திலும் நத்தை ஓடுதான். இடுப்பாழத்துக்குக் கீழே ஓடுகள் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தன, நடுவில் எங்களில் யாரும் பார்த்திராத தடிமனான பானை ஓடுகள் கிடைத்தன. அப்பா இன்னும் வெட்டிக்கொண்டே போனார். “எங்க ஆளுங்க தின்னுட்டுப் போட்டது சார் இது. இன்னும் ஆழம் போகும், வெட்டச் சொல்லட்டா?” என்று அத்தை கேட்டாள். போதும்மா, போதும் என்றவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் பள்ளத்தை அளந்தார், ஒரு ஓட்டைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார், பிறகு அம்மா கொடுத்த களியை நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டார். பழைய எழுத்தை அடித்துவிட்டு, நெடுங்காலக் குடியிருப்பு என்று அவர் எழுதியதை அவர் பக்கத்தில் எக்கி நின்று நான் உரக்கப் படித்தேன். அத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அதற்கப்புறம் இன்னொரு தடவை.

பட்டா கைக்கு வர எத்தனையோ வருஷம் இழுத்தடித்தார்கள். அந்தப் பேஜாரையெல்லாம் சொன்னால் தனிக் கதையாகிவிடும். ஆனால் யாரும் எங்களை எழுப்பவில்லை. இப்போது மேட்டில் ஓட்டு வீடும் தளம் போட்ட வீடுமாக நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. அந்தக் குப்பை மேடு இல்லை. வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்கு மண் போதாமல் எங்கள் ஆட்களே அதை வெட்டிக் கொட்டிவிட்டார்கள். முள்ளுக்காடும் பாதியாகிவிட்டது. நான் திண்டிவனத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன், விடுமுறை என்றால் மகளோடு ஊருக்குப் போய்விடுவேன்.

போன பொங்கலுக்குப் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடினார்கள். என் மகள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். பாவாடை பாதி வெளியே கிடந்தது, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு தெருவுக்கே கேட்டது. எண்ணி முடித்த பையன் கண்ணைத் திறக்கும்முன் தாங்கமாட்டாமல், “நான் இங்க இருக்கேன்!” என்று அவளே கத்திவிட்டாள். மற்ற பிள்ளைகளும் அப்படித்தான், ஒன்றுக்கும் ஒளியத் தெரியவில்லை. முள்ளுக்குள் ஒரு காலைப் பொழுது முழுக்க மூச்சடக்கி உட்காரத் தெரிந்த கடைசிப் பிள்ளை நான்தான் போலிருக்கிறது. அந்த வித்தையை நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, தரப்போவதும் இல்லை. இரண்டாவது ஆட்டத்திலும் அவள்தான் முதலில் பிடிபட்டாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.