பதினோரு கால்கள்

நாசரேத்துக்காரியான கிருபாபாய்க்கு 1974இல் தொழுநோய்க் கணக்கெடுப்பில் வேலை கிடைத்தது. உடன்குடியைச் சுற்றிய செம்மணல் தேரிக்காட்டில் வீடு வீடாக ஏறி, தேமல் உள்ள தோலில் ஊசி நுனியால் தொட்டு உணர்ச்சி பார்க்க வேண்டும்.

மாசானம் பனையேறி. ஐந்து வருடம் முன்பு உடைமர முள் தைத்த பாதம் பலாக்காயாக வீங்கி, அங்கங்கே பொத்து, சீழோடு கடுகு போலக் கறுப்பு மணிகளைக் கக்கியது. ஊர் குஷ்டம் என்றது. டீக்கடையில் அவருக்கு மட்டும் சிரட்டையில் டீ.

கிருபாபாய் அந்தப் பாதத்தை ஊசியால் தொட்டாள். "வலிக்கா அண்ணாச்சி?"

"உசுரு போவுது, நர்சம்மா."

குஷ்டமென்றால் மரத்துப் போயிருக்கும்; அப்படியானால் இது குஷ்டமில்லை. கறுப்பு மணிகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். பூஞ்சை, மண்ணிலிருந்து முள் வழியே ஏறியது, யாருக்கும் ஒட்டாது என்று பதில் வந்தது. அந்தக் காகிதத்தை டீக்கடை முன்னால் உரக்க வாசித்தாள். மாசானம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

இரண்டு வருடத்தில் அப்படிப் பதினோரு கால்களைக் கண்டுபிடித்தாள். எல்லாரும் செருப்பில்லாமல் தேரியில் நடப்பவர்கள். என்ன முள், எத்தனை வருடம், எந்த ஊர் எல்லாம் எழுதினாள். பதிவேட்டில் பூஞ்சைக்குக் கட்டமில்லை. தனித்தாளில் எழுதி, மருந்தும் செருப்பும் வரும் என்று நம்பி, தூத்துக்குடி அலுவலகத்தில் அதிகாரி ஆவுடையப்பனிடம் கொடுத்தாள். "நல்ல வேலைம்மா" என்று வாங்கிக்கொண்டார்.

அந்த வருடம் புது நோயாளிகளைக் கண்டுபிடிக்கும் இலக்குக்கு ஆள் குறைந்தது. அவள் தாளில் இருந்த பதினோரு பேரையும் ஆவுடையப்பன் தொழுநோயாளர் பட்டியலில் ஏற்றினார். தொழுநோய் ஜீப் வந்து தெருவில் நின்று பெயர் சொல்லி வீடு விசாரித்தது. அடுத்த வாரமே மாசானத்தின் மகள் செல்லக்கிளிக்குப் பேசி முடித்திருந்த கல்யாணம் நின்றது.

கிருபாபாய் தூத்துக்குடிக்கு ஓடினாள். "சார், இது பூஞ்சை. ரிப்போர்ட் இருக்கு."

"மேல போன நம்பரக் குறைக்க முடியாதும்மா. குறைச்சா மொதல்ல ஒன் வேலையத்தான் கேப்பாங்க."

மூன்று மனு போட்டாள். பதிலே இல்லை.

மாசானம் வேலிப்படலைத் திறக்காமலே கேட்டார்: "எம்பேர ஆரு குடுத்தா?"

"நாந்தான் அண்ணாச்சி. நல்லதுக்குன்னு..."

"ஊர்க்காரன் வாயாலதான் சொன்னான், நர்சம்மா. நீங்க எழுதில்லா குடுத்துட்டிய."

பூஞ்சைக்கு மருந்து வராமலே, மறுவருடம் ஆஸ்பத்திரியில் அவருடைய காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். கிருபாபாய் வேலையை விடவில்லை. விட்டால் வீட்டில் அடுப்பெரியாது. அவள் தோளில் தொங்கும் பை தூரத்தில் தெரிந்ததும் மற்ற பத்து வீடுகளிலும் கதவைச் சாத்தினார்கள். அந்தக் கால்கள் என்னவாயின என்று பிறகு யாரும் பார்க்கவில்லை.