வெதுவெதுப்பு என்ற சொல்லும் இடுகாட்டுப் பாதையும்

போராட்டம் என்பது ஊருக்காகக் கத்தி ஊராரிடமே திட்டு வாங்கும் தொழில். இதில் தொண்டை போனவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நோட்டீஸ்

செய்யூர் பக்கம் எங்கள் காலனியின் இடுகாட்டுப் பாதையை, கடலோரத்தில் சொகுசு விடுதி கட்ட நிலம் வாங்கியவர் வேலி போட்டு அடைத்தார். அதை விட்டால் உப்பங்கழித் தண்ணீரில் இறங்கித்தான் பிணத்தைத் தூக்கிப் போக வேண்டும். மழைக்கு முன் பாதையை மீட்க ஊரைக் கூப்பிட்டேன். பாதிப் பேர் தலையாட்டினார்கள், வரவில்லை. 'வெதுவெதுப்பானவர்களே, வெட்கப்படுங்கள்' என்று நோட்டீஸ் எழுதி, கருங்குழியில் அச்சகம் நடத்தும் கண்ணனிடம் கொடுத்தேன்.

இது என்ன சொல் என்று கேட்டார். நான் படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரம்தான். ஆனால் எனக்கு அகராதி பார்க்கத் தெரியும். கொதிப்பும் இல்லாமல் குளிர்ச்சியும் இல்லாமல் கிடப்பது என்று பொருள். அந்தச் சொல் பிறந்ததோ நெருப்பில். வேதல், வெயில், வெந்நீர், வெதும்பல் எல்லாம் ஒரே குடும்பம். சூட்டுக்குப் பிறந்துவிட்டு இப்படி ஆறிக் கிடப்பவர்களை வேறென்ன சொல்வது என்றேன். கண்ணன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"அர்த்தம் நல்லாத்தான் கீது அண்ணாத்த. ஆனா இதப் படிச்சா வர்றவனும் வரமாட்டான்."

ஆதரவாளர்

அப்படியே அச்சாகி வந்த அந்த நோட்டீஸை நான் முதலில் கொடுத்தது டேனியலுக்கு. எங்கள் காலனியில் பிறந்து, அணுசக்தி அலுவலகத்தில் வேலை வாங்கி, குவார்ட்டர்ஸில் குடியேறியவர். அவருடைய அப்பா மட்டும் காலனியை விட்டு வரமாட்டேன் என்று இங்கேயே படுக்கையில் கிடந்தார். மறியலுக்கு வாங்க என்றேன். கேன் தண்ணீர் அனுப்பினார், வாட்ஸ்அப்பில் கைகூப்பினார், ஆள் வரவில்லை. போனில் கேட்டதற்குச் சொன்னார்:

"மனசு பூரா உங்ககூடத்தாண்ணே. உடம்பு ஷிப்டுல இருக்கு."

டீ

மறியலுக்குப் பிறகு வருவாய்த்துறை அதிகாரி எங்களைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார். இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும் என்று ஊர் டேனியலையும் அனுப்பியது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்வரை அதிகாரி அறையில் டீயைத் தொடமாட்டோம். தொட்டால் சமாதானம் ஆகிவிட்டது என்று பொருள். அது அவர்களுக்கும் தெரியும். நேரில் வந்து பார்க்கிறேன், பார்க்கிறேன் என்றே அவர் இழுத்துக்கொண்டிருந்தார். டம்ளர்களில் ஏடு படிந்தது. அப்போது டேனியல் எடுத்துக் குடித்துவிட்டார். அதிகாரி உடனே எழுந்து, சுமுகமாக முடிந்தது என்று கைகுலுக்கி அனுப்பினார். வெளியே வந்து டேனியலின் சட்டையைப் பிடித்தேன். டேனியல் சொன்னார்:

"அவ்ளோ பெரியவரு குடுக்கறாரு, எப்டிண்ணே வேணாம்னு சொல்றது?"

கழி

அடைமழையில் டேனியலின் அப்பா இறந்தார். வேலிக்கு அந்தப்பக்கம் காவலாளி குடை பிடித்து நின்றான். நாங்கள் கழியில் இறங்கினோம். சவப்பெட்டியின் முன்பக்கத்தை டேனியல் தூக்கினார்; மார்பளவு தண்ணீர். ஒருமுறை அவர் கால் சறுக்கி, பெட்டியின் தலைமாடு முழுகி எழுந்தது. கரையேறியதும் நான் அவர் பக்கத்தில் போய், அன்றே சொன்னேனே என்றேன். பெட்டியிலிருந்து வடியும் நீரைக் கையால் வழித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"நான் ஆறிப்போன ஆளாவே இருக்கட்டும். நீ இத்தினி நாளா கொதிச்சுகினே இருந்தியே, வேலி இன்னா எரிஞ்சா பூட்ச்சு?"

இந்தத் தொழிலில் அதிகாரி கேட்கும் எந்தக் கேள்விக்கும் கைவசம் பதில் உண்டு. நம் ஆள் கேட்பதற்குத்தான் இல்லை.