பொன்னாடை போர்த்திய படம்

சட்டத்தரணியாக இருந்து தன் நாட்டுக்கு ஜனாதிபதியான பெனடிக்ட் இறந்த செய்தி வந்தபோது நான் ரொறன்ரோவில், மோர்னிங்சைட் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். தொலைபேசியில் சொன்னவர் எங்கள் சங்கத் தலைவர் குகன் அண்ணை. "சாந்தி, எங்கட ஜனாதிபதி மோசம் போயிட்டார். ஹோல் புக் பண்ணியாச்சு. நினைவுரை நீதான் எழுதோணும், முதலே எல்லாருக்கும் அனுப்போணும். நீ பொன்னாடை போர்த்தின படத்தைத்தான் பானரிலை பெரிசாப் போடுறம்" என்றார். பேசி முடிப்பதற்குள் படமும் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. நான் அவர் தோளில் பொன்னாடையைப் போடுகிறேன். அவர் வாய்நிறையச் சிரிக்கிறார். கீழே 'ஈழத்தமிழரை வாழவைத்த மாமனிதர்' என்று எழுதியிருந்தார்கள். காய்களை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அவரைத் தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். மேற்கு ஆபிரிக்காவின் சிறிய நாடொன்றிலிருந்து தானும் அகதியாக வந்தவர். இங்கே மறுபடி சட்டம் படித்து, டோர்செட் பார்க்கில் ஒரு கேக் கடைக்கு மேலே அலுவலகம் வைத்து, எங்கள் ஆட்களின் அகதி வழக்குகளைப் பேசினார். நான் அவருடைய தமிழ் மொழிபெயர்ப்பாளர். வரவேற்பு மேசையில் கிரேஸ் இருப்பாள். அவளும் அவருடைய நாட்டுக்காரி. எங்கள் ஆட்கள் பதற்றத்தோடு வந்து உட்கார்ந்ததும் கேட்காமலே தேநீர் வைப்பவள். அந்தக் காலத்தில் எங்கள் சனம் அவரை எப்படிச் சொன்னது என்பதையும் நான் மறக்கவில்லை. "அந்தக் கறுவல் லோயரிட்டப் போ, கேஸ் வெல்லும்" என்பார்கள். 'எங்கட' என்ற சொல் அவர் ஜனாதிபதியான பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது.

அவர் கெட்டிக்காரர். அதை மறுத்தால் நான் பொய் சொன்னவள் ஆவேன். ஒருமுறை ஒரு பெண்ணுக்கு யாரோ உறவினர், நடக்காத இரண்டு சம்பவங்களைச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார். பெனடிக்ட் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வழக்குக் கோப்பை மூடினார். "உங்களுக்கு நடந்ததே போதும். அதை வைத்து வெல்லத் தெரியாவிட்டால் நான் எதற்கு?" என்றார். அந்தப் பெண் அழுது முடித்து நடந்ததை மட்டும் சொன்னாள். வழக்கு வென்றது.

இன்னொரு நாள், மட்டக்களப்பைச் சேர்ந்த ஒருவரின் அகதி விசாரணை. குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் ஊரில் வருடக்கணக்காக அடைத்து வைக்கப்பட்டிருந்தவர். தீர்ப்புச் சொல்ல வேண்டிய அதிகாரி, "சும்மா பிடித்திருப்பார்களா? ஏதோ செய்திருப்பீர்கள்தானே?" என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னதும் அந்த மனிதர் தலை குனிந்துகொண்டார். பெனடிக்ட் எழுந்தார். "காரணத்தை அடைத்தவனிடம் கேளுங்கள். அடைபட்டவனிடம் கேட்காதீர்கள்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மிஸிஸ் சாந்தி, இதையும் அவருக்குத் தமிழில் சொல்லுங்கள். அவர் கேட்க வேண்டும்" என்றார். சொன்னேன். அந்த மனிதர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். இப்போது அவர் விட்பி நகரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்.

பிறகு பெனடிக்டின் நாட்டில் ஆட்சி மாறியது. திரும்பிப் போனார், கட்சி தொடங்கினார், தேர்தலில் வென்றார். இங்கே குகன் அண்ணை அவர் பெயருக்குக் கோயிலில் அர்ச்சனை செய்வித்தார். ஐயர் நட்சத்திரம் கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை. "என்ரையையே சொல்லுங்கோ ஐயா, எங்கட ஆள்தானே" என்று தன் நட்சத்திரத்தையே கொடுத்துவிட்டார். எல்லோரும் சிரித்தோம். கிரேஸுக்கும் ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். தன் நாடு இனித் தலை நிமிரும் என்றாள்.

நாடு எங்கே நிமிர்ந்தது? பதவிக்காலம் முடிய வந்ததும் ஐயாவுக்கு ஜனாதிபதிக் கதிரை ருசித்துவிட்டது. அரசியலமைப்பை மாற்றினார், தேர்தலைத் தள்ளிப்போட்டார். கிரேஸின் தம்பி மோசஸ் அங்கே வானொலி அறிவிப்பாளர். தேர்தல் எப்போது என்று ஒலிபரப்பில் கேட்டான். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். குற்றச்சாட்டும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. அப்படி அடைத்து வைக்க இடம் கொடுக்கும் சட்டத்தில் கையெழுத்து வைத்தவர் எங்கள் பெனடிக்ட். தாய் சாப்பாட்டோடு சிறை வாசலுக்குப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தாள்.

அவர் ஜனாதிபதியாக ரொறன்ரோவுக்கு வந்தபோது, ஹோட்டலில் எங்கள் சங்கத்துக்குச் சந்திப்பு நேரம் கிடைத்தது. கிரேஸையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். குகன் அண்ணைக்கு முகம் மாறிவிட்டது. "நல்ல நாளிலை உதெல்லாம் வேண்டாம் சாந்தி. பேர் குடுத்தாக்கள் மட்டும்தான் உள்ளுக்கு" என்றார். கிரேஸ் என் காரிலேயே காத்திருந்தாள். பழைய மொழிபெயர்ப்பாளர் என்பதால் பொன்னாடை போர்த்தும் வேலையை எனக்குத் தந்திருந்தார்கள். ஒரு ஜனாதிபதியின் காதுக்குப் பக்கத்தில் காவலர்கள் தடுக்காமல் போக எங்கள் சனத்திடம் இருக்கும் ஒரே வழி அதுதான். பொன்னாடையை விரித்துத் தோளில் போடும்போது காதோடு சொன்னேன்: "கிரேஸின் தம்பியை விட்டுவிடுங்கள். அவன் என்ன குற்றம் செய்தான்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கமராவைப் பார்த்து வாய்நிறையச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எந்த அரசாங்கமும் ஒருவனைச் சும்மா அடைத்து வைக்காது, மிஸிஸ் சாந்தி." அந்த நொடியில் எடுத்த படம்தான் இப்போது ஊரெல்லாம் சுற்றுகிறது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். கீழே இறங்கியதும் குகன் அண்ணை, "என்ன பிள்ளை சொன்னனீ? மனுசன் அந்த மாதிரிச் சிரிச்சுது" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "உதை ஏன் அவரிட்டக் கேட்டனீ? அவையின்ர நாட்டுப் பிரச்சினை அவைக்கு. எங்களுக்கு உதவின மனுசன்" என்றார். எங்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனபோது உலகம் எங்களைப் பற்றிச் சொன்னதும் இதைத்தானே! அதைக் கேட்டுக் கேட்டுத் தெருவில் இறங்கி நின்றவர்கள் நாங்கள். அதே கதையை எங்கள் வாயால் கேட்டபோது எனக்குப் பெனடிக்ட்மேல் வந்ததைவிட எங்கள்மேல்தான் அதிகம் அருவருப்பு வந்தது.

காருக்குப் போய், அவர் சொன்னதைச் சொல் மாறாமல் கிரேஸிடம் சொன்னேன். "என்னைப் பற்றி ஏதும் கேட்டாரா?" என்றாள். இல்லை என்றேன்.

இப்போது அவர் இறந்துவிட்டார். தன் நாட்டில் ஒரு நல்ல ஆஸ்பத்திரி கட்டாதவர், ஐரோப்பாவில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். மோசஸ் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். குகன் அண்ணை கேட்ட நினைவுரை இதுதான். மோசஸ் வரும் பகுதியை வெட்டச் சொன்னார், வெட்டவில்லை. பெனடிக்டிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. விசாரணை இல்லாமல் ஒருவனை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால், அவன் யார், எந்த நாடு என்று பாராமல் எனக்கு ஏறும் ஆத்திரம். அதை எனக்குக் கற்றுத்தந்தவர் அவர்தான். அவர் அதைத் தொலைத்துவிட்டார் என்பதற்காக நானும் தொலைக்க முடியாது.

அவரால் இந்த நாட்டில் காலூன்றியவர்களே, ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டத்துக்கு வாருங்கள். மண்டப வாசலில் நானும் கிரேஸும் நிற்போம். மோசஸை விடுதலை செய்யும்படி அங்கே புதிதாகப் பதவிக்கு வந்தவரைக் கேட்கும் மனு எங்கள் கையில் இருக்கும். கையெழுத்து வைத்துவிட்டு உள்ளே போய் அவர் படத்துக்குப் பூப் போடுங்கள். வைக்க முடியாதவர்கள், பூவையும் வீட்டுக்கே கொண்டுபோய்விடுங்கள்.