பாட்டு முடிந்தால் கைதட்ட வேண்டாமா?

போன ஞாயிற்றுக்கிழமை நான் கிளப்புக்குப் போனேன்.

பதறாதீர்கள். மதியம் நாலு மணி. குடித்தது ஒரு லைம் ஜூஸ். அதுவும் ஐஸ் போடாமல்.

எல்லாம் என் கடைவாய்ப் பல்லால் வந்தது. கிங்ஸ் சர்க்கிளில் நான் போகும் பல் டாக்டரிடம் ரிசப்ஷனிஸ்டாக இருக்கிறாள் ஜெனி. இருபத்தாறு வயது. தாராவியில் வீடு, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ரூட் கெனாலுக்காக நான் மூன்று முறை அலைந்ததில் சிநேகிதமாகிவிட்டாள். பகலெல்லாம் பேஷன்ட்களின் பெயரைக் கூப்பிடுவாள். மற்ற நேரத்தில் கிட்டாரும் கையுமாக இருப்பாள். எழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது... எல்லாம் அவளே. கொஞ்சம் தெம்மாங்கு, கொஞ்சம் ப்ளூஸ்.

ப்ளூஸ் என்றால்? எனக்கும் தெரியாதுதான். கேட்டேன்.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. மனசுல இருக்க சோகத்த ஒரு வரி பாடணும். அதையே திரும்பப் பாடணும். மூணாவது வரில பதில் சொல்லணும். அவ்ளோதான்."

இரண்டு வருஷமாக ஹோட்டல்களில் யார் யாரோ போட்ட ஹிந்திப் பாட்டுகளைப் பாடி அலுத்துப்போயிருந்தாள். இப்போது செம்பூரில் ஒரு சின்ன கிளப், அவளுடைய சொந்தப் பாட்டைக் கேட்கச் சம்மதித்திருந்தது. மூன்று பாட்டு. மேனேஜருக்குப் பிடித்தால் மாதம் ஒரு ஞாயிறு அவளுக்கு. பிடிக்காவிட்டால் பழையபடி ஹோட்டல்தான். கூடவே ஒரு கண்டிஷன் — புதிதாகப் பாட வருகிறவர் பதினைந்து பேரைக் கூட்டிவர வேண்டும். பாடுகிறவளே ஆளும் பிடிக்கணுமாம். நல்ல நியாயம்!

பதினைந்து பேருக்கு அவள் எங்கே போவாள்? அம்மா ரோஸ்லினிடம் சொன்னாள். ரோஸ்லின் தன் சர்ச் பாடகர் குழுவையே திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். கஞ்சி போட்ட காட்டன் புடவைகள், கையில் மடித்த கைக்குட்டைகள். முதல் இரண்டு வரிசை ஃபுல். பதினாறாவது ஆளாக நான்.

முதல் பாட்டு தெம்மாங்கு. அருமையாகப் பாடினாள். பாட்டு முடிந்தது.

நிசப்தம்.

முன்வரிசைகள் இரண்டும் கையைக் கட்டி, தலை குனிந்து உட்கார்ந்திருந்தன. பின்னாலிருந்த காலேஜ் பிள்ளைகள் கைதட்ட ஆரம்பித்து, இவர்களைப் பார்த்துத் தயங்கி நிறுத்திக்கொண்டார்கள். மேனேஜர் மொபைலை நோண்ட ஆரம்பித்தார். ஜெனியின் முகம் சுண்டிப்போயிற்று.

நான் ரோஸ்லின் பக்கம் சாய்ந்தேன். "என்னம்மா இது? கைதட்டுங்களேன்!"

"கோயில்ல பாட்டு முடிஞ்சா கைதட்டுவோமாக்கா? அமைதியா இருந்தாத்தான் மரியாத."

"இது சர்ச் இல்லையே!"

"எங்கன பாடினாலும் பாட்டு பாட்டுதானக்கா."

எனக்கு வந்ததே கோபம்! அப்புறம்தான் உறைத்தது — நான் தட்டினேனா? இல்லையே. பக்கத்தில் இருப்பவர் முதலில் தட்டட்டும் என்று காத்திருந்தேன். நாம் எல்லோருமே இப்படித்தான். ரசத்தில் புளி கூடினால் ஊரைக் கூட்டுவோம். நன்றாக இருந்தால்? வாயைத் திறக்காமல் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வோம். சமைத்தவர் அதிலேயே புரிந்துகொள்ள வேண்டும்.

மேனேஜர் மேடையோரமாக வந்து ஒற்றை விரலைக் காட்டினார். "ஏக் அவுர். பஸ்." இன்னும் ஒன்று, போதும்! மூன்று பாட்டு இரண்டாகிவிட்டது. படுபாவி.

ஜெனி கிட்டார் கம்பி ஒன்றை முறுக்கிச் சரிசெய்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

"எல்லாரு பேரையும் நான் கூப்பிட்டேன், எம்பேர யாரும் கூப்பிடல..."

ப்ளூஸ் இல்லையா? அதே வரியைத் திரும்ப எடுத்தாள். எடுத்ததுதான் தாமதம், முன்வரிசைகள் இரண்டும் எழுந்து நின்று சேர்ந்து பாடின! அவர்கள் சர்ச்சில் பாட்டை நடத்துகிறவர் ஒரு வரி பாடினால், அதே வரியைச் சபை திருப்பிப் பாடுவதுதான் முறை. இது நம்ம வேலை என்று நினைத்துவிட்டார்கள்.

ஜெனி திடுக்கிட்டுப் பாட்டை நிறுத்திவிட்டாள். விரல்கள் மட்டும் நிற்கவில்லை. மூன்றாவது வரியைத் தனியாகப் பாடினாள்.

"எனக்கும் ஒரு வலி உண்டுன்னு எந்த டாக்டரும் கேக்கல."

அடுத்த சரணத்திலிருந்து இரண்டாவது வரியை அவர்களுக்கே விட்டுவிட்டாள். அடடா, என்ன குரல்கள்! மேல் ஸ்தாயியில் ஒரு கூட்டம், கீழ் ஸ்தாயியில் ஒரு கூட்டம் என்று பிரிந்து பாடினார்கள். வருஷக்கணக்கில் ஞாயிறு தவறாமல் பாடின தொண்டைகள், சும்மாவா? தமிழ் ஒரு எழுத்துத் தெரியாத காலேஜ் பிள்ளைகளும் "கூப்பிடல, கூப்பிடல" என்று கூடவே இழுத்தார்கள். முடிந்ததும் அவர்கள் போட்ட கூச்சலில் என் பக்கத்திலிருந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். இந்த முறை நான் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கை சிவக்கத் தட்டினேன்.

மேனேஜர் ஓடிவந்தார். மாதக் கடைசி ஞாயிறு உனக்குத்தான், ஆனால் இந்த ஆன்ட்டிகளும் வரவேண்டும் என்றார் ஹிந்தியில். அவர்கள் வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் நான் பாடுவேன் என்றாள் ஜெனி, அதே ஹிந்தியில். குரல் நடுங்கியது. ஆனாலும் சொல்லிவிட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் குதித்தாள். "அம்மா, கெடச்சிட்டும்மா!"

ரோஸ்லின் சிரிக்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, ஒனக்கு என்னட்டி வலி? வீட்டுல ஒரு வார்த்த சொல்லல?"

"ஐயோ அம்மா... அது சும்மா பாட்டும்மா."

"சும்மாவா? பதினஞ்சு பேரு எந்திச்சு நின்னு பாடிருக்கோம். பொய்யவாட்டி பாடினோம்?"

ஜெனி அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, நடுத்தெருவில் அப்படி ஒரு அழுகை.

கிட்டாரை நான் வாங்கிக்கொண்டேன் — யப்பா, என்ன கனம்!