பத்து விளக்கு மீட்டர்

ஏணியை எடுத்துவிட்டால் எங்கள் வீட்டிலிருந்து இறங்க முடியாது. அதை யாரும் பெரிய விஷயமாக நினைக்கவில்லை. முதல் இரண்டு வருஷம் நானும் நினைக்கவில்லை.

தாராவியில் என் கணவரின் ஒர்க்‌ஷாப் ஒரே ஒரு கார் நுழையும் அகலம். அதன் பின்பாதிக்கு மேல் பலகை அடித்துத் தளம் போட்டிருந்தார்கள். பம்பாயில் அதை மாலா என்பார்கள். எங்கள் குடித்தனம் அந்த மாலாவில். பலகையில் ஒரு சதுர ஓட்டை, அதில் சாய்த்த இரும்பு ஏணி. கார் உள்ளே வந்தால் ஏணி நிற்க இடம் கிடையாது. கழற்றிச் சுவரோரம் படுக்க வைத்துவிடுவார்கள். கார் வெளியே போகும்வரை நானும் பதினாலு மாத மகளும் மேலே. மாமிக்கு, அதாவது என் கணவரின் தாய்க்கு, முட்டுவலி, ஏணி ஏற முடியாது. கீழேயே சமையல், கீழேயே படுக்கை. பகலெல்லாம் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

என் கணவர் பந்தயக் கார்களைத் திருத்துவதில் கைதேர்ந்தவர். ஓடி வந்த காரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அதன் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் என்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலக்கின்றன. கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம்; அப்படியே விரட்டினால் பிஸ்டன் உருகிவிடும். ஊரில் ஐந்தாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடம் போனவர். ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டி உதிரிபாகங்களின் நம்பர் படிப்பார், அவ்வளவுதான். நான் மாட்டுங்காவில் இரண்டு வருஷம் கல்லூரி போனவள். அதனால் வெளிநாட்டுச் சாமான் எது வந்தாலும் அதோடு வரும் தாளைப் படித்துச் சொல்வது என் வேலை.

எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார். மாட்டுங்காவில் பிறந்து செம்பூரில் தொழில் நடத்திய தமிழர். மெட்ராஸ் பக்கம் நடக்கும் பந்தயத்துக்கு அந்த வருஷம் எப்படியும் போவது என்று இருந்தார். ஒரு நாள் காலை மூன்று தாள்களோடு வந்தார். கார் உள்ளே நின்றது, ஏணி படுத்திருந்தது. என் கணவர் காரின் பானெட் ஓரத்தில் ஏறி நின்று அவற்றை ஓட்டை வழியாக என்னிடம் நீட்டினார். குழந்தையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பலகையில் குப்புறப் படுத்து, நான் கீழே பார்த்துப் படித்தேன்.

முதல் தாளில் இருந்தது ஒரு பெட்டி. சைலன்சரின் வாலில் குழாயைச் செருகினால் புகையை அளந்து சொல்லும். ஆனால் கார் நிற்கும்போது மட்டும்.

"நிக்கிற காருக்கு எதுக்கு மீட்டரு?" என்றார் என் கணவர். "அடுத்தத படி."

இரண்டாவது, புகையின் சூட்டை முள்ளால் காட்டும் மீட்டர். கலவை கெட்டால் சூடு மாறும். அதை வைத்து நாம்தான் கணிக்க வேண்டும்.

மூன்றாவது, புகைக்குழாயில் திருகி வைக்கும் சென்சார். விரல் நீளம், இரும்புக் கூடு, உள்ளே வெள்ளைப் பீங்கான் முனை. அதிலிருந்து ஒரு வயர் டிரைவருக்கு எதிரே ஒரு சின்ன மீட்டருக்குப் போகும். மீட்டரில் வரிசையாகப் பத்து விளக்குகள். காற்று அதிகமானால் சிவப்பு, பெட்ரோல் அதிகமானால் பச்சை, நடுவில் மஞ்சள். கார் ஓட ஓட விளக்கு ஓடும்.

"இதான், இதான்" என்றார் வாடிக்கையாளர். "முள்ளெல்லாம் எவன் பார்த்துண்டு ஓட்டறது? லைட்டுன்னா ஓரக்கண்ணுலயே தெரியும். சிஸ்டர், மாட்டறது எப்படின்னு படியுங்கோ. எனக்கு இந்தப் பேப்பர் படிக்கற பொறுமையெல்லாம் கெடையாது."

படித்தேன். என்ஜினிலிருந்து வரும் நாலு புகைக்குழாயும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், சூடு குறையாத இடத்தில் துளை போட வேண்டும். அங்கே ஒரு நட்டை வெல்டிங் வைத்து அதில் சென்சாரைத் திருக வேண்டும். முனை கீழ்நோக்கிச் சாய வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் தங்கும். கடைசிப் பத்தியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: ஈயம் கலக்காத பெட்ரோலுக்கு மட்டுமே, ஈயம் சென்சாரின் ஆயுளைக் குறைக்கும்.

நான் நிறுத்தினேன்.

"மச்சான், நம்ம பெட்ரோல்ல ஈயம் உண்டுமா?"

"எல்லாத்துலயும் உண்டு. அது இல்லன்னா என்ஜின் தட்டும்லா. ஏன், என்ன போட்டிருக்கு?"

அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. பக்கத்தில் வாடிக்கையாளர், வாசலில் மாமி. பம்பாயில் அப்போது விற்றது எல்லாமே ஈயம் கலந்த பெட்ரோல்தான். இந்த வரியைச் சொன்னால் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும், அதுவும் என்னால். ஆயுள் குறையும் என்றுதானே போட்டிருக்கிறது, வேலை செய்யாது என்று இல்லையே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல, கொஞ்ச நாளைக்கு ஒருக்க மாத்தணுமாம்" என்றேன்.

"எதத்தான் மாத்தாம இருக்கோம்" என்றார் அவர்.

சாமான் வெளிநாட்டிலிருந்து தெரிந்தவர் மூலமாக வந்தது. துளை போட்டு, நட்டு வைத்து, திருகி, வயர் இழுத்து, ஒரே பகலில் என் கணவர் மாட்டிவிட்டார். என்ஜினை முடுக்கியதும் மேலிருந்து காரின் கண்ணாடி வழியாக விளக்குகள் தெரிந்தன. மகள் ஓட்டைப் பக்கம் தவழ்ந்து வந்து கையை நீட்டினாள். அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். அந்த ஓட்டைக்குப் பயந்துதான் அவள் இடுப்பில் துப்பட்டாவைக் கட்டி மறுமுனையை டிரங்குப் பெட்டியின் காதில் முடிந்து வைப்பேன்.

ஒரு வாரம் விளக்குகள் சொன்னதும் பிளக் சொன்னதும் ஒத்துப்போயின. அப்புறம் விளக்கு மெல்லச் சிவப்புப் பக்கம் இறங்க ஆரம்பித்தது. சிவப்பு என்றால் காற்று அதிகம், பிஸ்டன் உருகும். என் கணவர் கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றி அதிகப் பெட்ரோல் போகும்படி செய்தார். இரண்டு நாள் சரியாக இருந்தது. மறுபடியும் சிவப்பு. இன்னும் பெரிய ஜெட்.

பெட்ரோல் அதிகமானால் புகை கறுக்கும். புகை போக வாசல் ஒன்றுதான், ஆனால் அது முதலில் மேலே வரும். மாலாவின் ஜன்னல் பக்கத்துத் தகரக் கூரையைப் பார்த்து ஒரு சாண் அகலம். ஈரத்துணியை ஓட்டையின் மேல் விரித்துப் பார்த்தேன். வேக்காடு தாங்கவில்லை. எடுத்துவிட்டேன். மகள் இரும ஆரம்பித்தாள். முதலில் சளி என்றுதான் நினைத்தேன். பிறகு கவனித்தேன்: கார் வெளியே போன நாட்களில் இருமல் இல்லை. அப்படி நான் நினைத்துக்கொள்கிறேனோ என்றும் இருந்தது. இரண்டு நாள் எண்ணிப் பார்த்தேன், எண்ணிக்கை தவறிவிட்டது, மறுபடி எண்ணினேன்.

"மச்சான், புள்ளைக்கு இருமல் நிக்கவே மாட்டேங்கு. கார் இருக்குதவரைக்கும் எங்க உம்மா வீட்டுக்குப் போயிட்டு வரட்டா?"

என் உம்மா செம்பூரில் இருந்தார், ஒரு பஸ் தூரம்.

அவர் பதில் சொல்வதற்குள் மாமி வாசலிலிருந்து சொன்னார்: "இந்தத் தெருவுல எத்தன புள்ள வளருது. எல்லாத்துக்கும் செம்பூர்ல வீடு இருக்கா?"

என் கணவர் காருக்குள் தலையை விட்டுக்கொண்டார். பெரியவர்கள் சொன்னால் எதிர்த்துப் பேசாமல் இருப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. அதை நல்ல குணம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் பிளக்கைக் கழற்றினார். மேலிருந்தே தெரிந்தது, அடுப்புக்கரி மாதிரி இருந்தது.

"பிளக்கு பெட்ரோல் கூடுதலுங்கு, மீட்டரு பத்தலைங்கு" என்றார், யாரிடம் என்றில்லாமல். "பாரின் மீட்டரு பொய் சொல்லுமா? இன்னொரு சைஸ் ஏத்திப் பாப்போம்."

இன்னொரு சைஸ் என்றால் இன்னும் புகை. மகள் என் தோளில் இருமி ஓய்ந்து கிடந்தாள். நான் ஓட்டையில் குனிந்தேன்.

"மச்சான், அந்தத் தாள்ல ஒரு வரி நான் சரியா சொல்லல. ஈயம் இருக்க பெட்ரோல்ல அந்தச் சென்சார் செத்துப்போகும். அதுக்கு இப்ப ஒண்ணும் தெரியல. அதான் சிவப்பே காட்டுது."

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். சூடு ஆறியதும் சென்சாரைத் திருகி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளையாக இருந்த முனை, கண்ணாடி பூசியதுபோல் பளபளவென்று கருஞ்சாம்பல் நிறத்தில் இருந்தது.

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா" என்றார். அவ்வளவுதான்.

மாமிதான் விடவில்லை. "காலேஜுக்குப் போய் படிச்சுட்டு வந்தது ஒரு வரிய முழுங்குததுக்கா? நமக்குப் படிப்பில்ல, இந்த வேலயும் தெரியாது."

எனக்கு அது உறைக்கவில்லை. நான் அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்புக் கூட்டுக்குள் இருந்த பீங்கான். இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. அதே புகையைத்தான் என் மகள் சுவாசித்துக்கொண்டிருந்தாள்.

வாடிக்கையாளர் கோபப்படுவார் என்று பயந்தேன். அவரோ சிரித்தார். "நான் படிச்சிருந்தா நானும் அப்படித்தான் சொல்லிருப்பேன், சிஸ்டர். லைட்டு மேல அவ்வளவு ஆசை எனக்கு." சூடு காட்டும் முள்ளை வாங்கிவருவதாகச் சொன்னார். அதற்கு ஈயத்தால் பாதகமில்லை. ஆனால் பந்தயத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. முள்ளை எப்படிக் கணிப்பது என்று தினமும் ஓட்டிப் பார்த்துத்தான் பழக முடியும். அதாவது பகல் முழுக்க எங்களுக்குக் கீழே என்ஜின் ஓடும்.

முள் வந்த அன்றும் கார் உள்ளே, ஏணி சுவரோரம். தாள் மேலே வந்தது.

"எல்லா வரியும் படி" என்றார் என் கணவர். "ஒண்ணு விடாத."

ஒன்றும் விடவில்லை. துளையின் அளவு, வயரை வெட்டக் கூடாது என்பது, எந்தச் சூட்டுக்கு மேல் போனால் ஆபத்து என்பது, கம்பெனி பொறுப்பேற்காது என்பதுவரை சொன்னேன். தாள் முடிந்தது. மகள் என் முதுகில் ஏறிப் படுத்து இருமினாள். அந்த அதிர்வு என் நெஞ்சுவரை வந்தது.

"இன்னொண்ணு இருக்கு" என்றேன்.

"சொல்லு."

"என்ஜின் ஓட்டி டெஸ்ட் பண்ணுத கட்டடத்துல மூணு வயசுக்குள்ள புள்ளைக இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

மாமி கேட்டார்: "மீட்டருக்கும் புள்ளைக்கும் என்ன சம்பந்தம்?"

"புகைல ஈயம் இருக்குல்லா, மாமி."

"அப்படியா போட்டிருக்கான்?" என்று வாடிக்கையாளர் அண்ணாந்து கையை நீட்டினார். "எங்க, காட்டுங்கோ."

பத்து ஆங்கில வரி படிக்க அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. என் கை தாளை மடித்துவிட்டது. "புள்ள அழுதா, அண்ணே, இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு ஓட்டையைவிட்டு உள்ளே நகர்ந்தேன். குழந்தை அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். யாராலும் மேலே வர முடியாது, ஏணி கீழே கிடந்தது. அந்த ஏணி இல்லாததற்காக நான் நிம்மதிப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

கீழே என் கணவரின் குரல் கேட்டது. "அவ படிச்சா சரியாத்தான் இருக்கும், சார். போன தடவ ஒரு வரிய விட்டு நாம பட்டது போதும்."

வாசலில் மாமியின் முக்காலி நகரும் சத்தம். "அப்போ புள்ள செம்பூர்லயே இருக்கட்டும். பந்தயம் முடிஞ்சு கூட்டிட்டு வந்தாப் போச்சு."

"நான் எப்ப கிளம்பட்டும், மாமி?" ஓட்டையில் தலையை நீட்டிக் கேட்டேன்.

"நீ எங்க கிளம்புத? பால்தான் மறந்தாச்சே, உங்க உம்மா பாத்துக்கிடுவா. நீ போயிட்டா இந்தத் தாள யாரு படிக்கா?"

என் கணவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் துளைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை உம்மா வந்தார். காரைத் தெருவில் நிறுத்தி, ஏணியைச் சாய்த்துப் பிடித்தார்கள். மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி உம்மா கையில் கொடுத்தேன். அவள் இடுப்பில் துப்பட்டாவின் முடிச்சு அப்படியே இருந்தது. அதை அவிழ்க்கும் சாக்கில் தெரு முனைவரை கூடவே நடந்தேன். பஸ்ஸில் ஏறும்போது உம்மா மெதுவாகக் கேட்டார்: "நெசமாவே அதுல அப்படிப் போட்டிருக்கா?" போட்டிருக்கிறது என்றேன்.

திரும்பி வந்து ஏறினேன். கார் உள்ளே வந்தது, ஏணி போனது. தாளைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து படித்தேன், அந்த வரி எங்காவது இருந்துவிடக் கூடாதா என்று. கம்பெனி பொறுப்பேற்காது என்பதோடு தாள் முடிந்திருந்தது. என் கணவருக்கு அன்றே தெரிந்ததா, தெரிந்துதான் அப்படிப் பேசினாரா, நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

என்ஜினை முடுக்கினார்கள். பலகை அதிர்ந்து, புகை ஓட்டை வழியாக ஏறி வந்தது. அந்த வரியில் தாயையும் சேர்த்திருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

"என்ன, முள்ளு எண்ணூறத் தாண்டப் போகுது" என்று கீழிருந்து அவர் கத்தினார். "எதுவரைக்கும் போலாம்னு போட்டிருக்கு, பாத்துச் சொல்லு."

நான் தாளை எடுத்துக்கொண்டு ஓட்டைப் பக்கம் போய்ப் படுத்தேன்.