அத்தையின் மெக்சிகோ கடை

போன வாரம் கோபிசெட்டிபாளையம் போயிருந்தபோது, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் 'மெக்சிகன் டாக்கோ கிடைக்கும்' என்று எழுதிப் போட்டிருந்தார்கள். கோயமுத்தூரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மாலுக்கு மால் விற்கிறார்கள். என் மகள் வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் சொல்லி வரவழைத்துத் தின்கிறாள். தின்றுவிட்டு, "உங்க காலத்துல இதெல்லாம் ஏதும்மா?" என்று வேறு கேட்கிறாள். ஏன் இல்லை? தொண்ணூறுகளின் நடுவில், ஒரே ஒரு கோடை விடுமுறைக்கு, கோயமுத்தூரில் மெக்சிகோ சாப்பாடு கிடைத்தது. விற்றவர் என் அத்தை. இதை நான் மகளிடம் சொன்னதில்லை. சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டி வரும்.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. கல்யாணமாகி மாமாவோடு அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் இருந்தார். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் வந்து இணைச்சீர் என்ற சடங்கைச் செய்தால்தான் மேற்கொண்டு எதுவும் நகரும். சித்தப்பாவுக்குக் கல்யாணம் வைத்தபோது அந்த இணைச்சீருக்காகவே மாமா அத்தையை அனுப்பிவைத்தார். வரவும் திரும்பிப் போகவும் அவரே டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று கல்யாண வீடே பேசிக்கொண்டது. மாமா போனில்கூட என்னை "சாப்ட்டீங்களா அம்மணி?" என்று 'ங்க' போட்டுத்தான் கேட்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

விருந்தெல்லாம் ஓய்ந்த பிறகு, அத்தை ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம், "நான் திரும்பிப் போகலைங்ணா. இங்கயே எதையாச்சும் செஞ்சு பொழச்சுக்கறேன்" என்றார். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. காரணம் என்ன என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அம்மாவிடம் அத்தை சமையலறையில் பேசியதும், அம்மா அதை அப்பாவிடம் சொன்னதும், அப்பா "குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கறதுதான்" என்றதும் மட்டும் காதில் விழுந்தன. எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தை வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் பூனைத் தொல்லை அதிகமாகிவிட்டது என்பதுதான். அத்தை எந்தக் கதவையும் சாத்தமாட்டார். படுக்கையறை, பின்கட்டு, சமையலறை எல்லாம் 'ஆ'வென்று திறந்தே கிடக்கும். பூனை வந்து பாலைக் குடித்துவிட்டுப் போகும். அமெரிக்கா போனவர்களுக்குக் கதவு சாத்தத் தெரியாது போலிருக்கிறது என்று அம்மா முணுமுணுப்பார்.

அத்தைக்குக் கைவந்த ஒரே வேலை, டாக்கோவுக்குச் சுடுகிற அந்த மெக்சிகோ ரொட்டிதான். அதற்கு மக்காச்சோளம் வேண்டும். எங்கள் பக்கம் மக்காச்சோளம் கோழிப்பண்ணைக்குப் போகிற சாமான். தீவனக்காரரிடமிருந்து ஒரு மூட்டை வந்து இறங்கியதும் அம்மாவுக்கு முகமே செத்துப்போயிற்று. "கோழி திங்கறத மனுசருக்குப் போடறதுங்களா அம்மணி? வெளிய தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க?" என்றார். அத்தை அதைப் பொருட்படுத்தாமல், வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பைக் கரைத்த தண்ணீரில் சோளத்தை வேகவைத்து ஊறப்போட்டார். மறுநாள் தோலைக் கசக்கிக் கழுவிவிட்டு வெட் கிரைண்டரில் போட்டு ஆட்டினார். அந்த மாவுக்கு ஒரு வாசனை வந்தது பாருங்கள், புதுமண்ணும் சுடுசோறும் கலந்த மாதிரி. அதுவரைக்கும் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா கையை எடுத்துவிட்டார்.

ரொட்டிக்குள் வைக்கத் தட்டைப்பயறை வேகவைத்து மசித்தார். வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய், கொத்தமல்லி எல்லாவற்றையும் பச்சையாக அரிந்து எலுமிச்சம்பழம் பிழிந்தார். நீலகிரியிலிருந்து வரும் பட்டர் ஃப்ரூட்டை உப்புப் போட்டுப் பிசைந்தார். அப்பாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. பாலும் சர்க்கரையும் போட்டுக் குடிக்க வேண்டிய பழத்துக்கு உப்பா என்று அங்கலாய்த்தார். அங்கலாய்த்துக்கொண்டே ஐந்தாறு ரொட்டி தின்றார்.

அப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுதான் இந்தக் கதையில் என்னை இன்னும் வதைக்கிற இடம். கணபதி பகுதியில் அவருக்கு பம்ப்செட் பட்டறை இருந்தது. தங்கை உள்ளங்கையால் மாவைத் தட்டிக் கஷ்டப்படுவதைப் பார்த்துவிட்டு, வட்டமாக இரண்டு இரும்புத் தகடு வார்த்து, கீல் வைத்து, மேலே ஒரு கைப்பிடி போட்டுக் கொண்டுவந்தார். நடுவில் மாவு உருண்டையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் ரொட்டி தயார். அத்தை அதைத் தடவித் தடவிப் பார்த்தார். அன்றைக்குத்தான் அப்பா வாக்குக் கொடுத்தார்.

"லீவுக்குப் பொருட்காட்சி போடறாங்க. அதுல ஒரு கடை எடுத்துத் தாறேன் கண்ணு. ஓடுச்சுன்னா ஊருக்குள்ளயே நல்ல எடமாப் பார்த்துக் கடை வச்சுக்கலாம், நீ இங்கயே இருந்துக்க. ஓடலைன்னா பேசாம கெளம்பிரோணும்."

"சரிங்ணா" என்றார் அத்தை.

பொருட்காட்சியில் எங்களுக்கு டெல்லி அப்பளக் கடைக்கும் மிளகாய் பஜ்ஜிக் கடைக்கும் நடுவில் இடம் கிடைத்தது. எதிரே ராட்டினம். காணாமல் போன குழந்தைகளை மைக்கில் அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். 'மெக்சிகோ சோள ரொட்டி' என்று பலகை எழுதியிருந்தது. முதலில் ஜனங்கள் பலகையைப் படித்தார்கள், அத்தையைப் பார்த்தார்கள், அப்பளம் வாங்கப் போய்விட்டார்கள். அத்தை ஒவ்வொரு நாளும் ஆறிப்போன ரொட்டியைக் கூடையில் திருப்பிக் கொண்டுவந்தார். பூனைக்கு மட்டும் கொண்டாட்டம்.

கூட்டம் சேராத ஒரு சாயங்காலத்தில்தான், இந்த ரொட்டியை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அத்தையிடம் கேட்டேன். பக்கத்து வீட்டில் ஒரு மெக்சிகோக்கார அம்மா இருந்தாராம். அவர் பேச்சு அத்தைக்குத் தெரியாது, அத்தையின் பேச்சு அவருக்குத் தெரியாது. மாமா வேலைக்குப் போனதும் சமையலறை ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பாராம். கொசுவலையின் மூலையைக் கொஞ்சம் பிரித்து, துணியில் சுற்றிய சூடான ரொட்டியை உள்ளே நீட்டுவாராம். அங்கேயே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து மாவு தட்டிக் காட்டுவாராம். அத்தை இந்தப் பக்கம் நின்றபடி பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம்.

"ஏனுங்க அத்தை, அவங்க ஊட்டுக்குள்ள வரமாட்டாங்களா?"

"கதவு பூட்டியிருக்கும் கண்ணு."

"சாவி?"

"சாவி மாமா கொண்டுபோயிருவாரு. அப்பறம் ஒருநாளு அந்தச் சன்னலையும் ஆணி அடிச்சுப்போட்டாரு."

எங்கள் வீட்டுக் காலண்டரில் அமெரிக்கா முழுக்கப் பனியாக இருக்கும். வீடுகளின் கூரையில் பனி, மரத்தில் பனி. அந்தக் குளிர் உள்ளே வந்துவிடக் கூடாது என்றுதான் மாமா கதவைப் பூட்டுகிறார், குளிர் ஜன்னல் வழியாகவும் வருமல்லவா, அதனால் அதற்கும் ஆணி அடித்திருக்கிறார் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். இப்படி ஒரு மாமா யாருக்குக் கிடைப்பார் என்றும் நினைத்துக்கொண்டேன்.

பிறகு எப்படித்தான் அது பிடித்துக்கொண்டதோ தெரியவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வந்தார்கள், மறுநாள் கூட்டாளிகளை இழுத்து வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வரிசை ராட்டினம்வரை நின்றது. உக்கடத்திலிருந்து வந்திருந்த ஒரு பாய் குடும்பம், இதற்குள் கறிக்கொத்து வைத்தால் இன்னும் பிரமாதமாக இருக்குமென்று சொல்ல, மறுநாள் அத்தை அதையும் வைத்தார். அப்பளக் கடைக்காரர் எங்கள் பக்கம் திரும்புவதையே நிறுத்திவிட்டார். இரும்புத் தகட்டை அழுத்தி அழுத்தி எனக்குக் கை காய்த்துப்போயிற்று. அத்தை இங்கேயே இருக்கப் போகிறார்! எனக்கு வேறென்ன வேண்டும்? வீட்டுக்கு வந்தால் அத்தை பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சோளம் கழுவினார். நான் அவரைச் சந்தோஷமாகப் பார்த்தது அந்த ஒரு வாரம்தான்.

அந்தக் கூட்டத்தில்தான் பெருந்துறையிலிருந்து மாமாவின் பெரியப்பா வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. யார் கடை என்று தெரியாமல் பேரப்பிள்ளைகள் இழுத்த இழுப்புக்கு வந்தவர். தலையைக் குனிந்துகொண்டே ஒரு தட்டைக் காலி செய்துவிட்டு, மறுபடி தட்டை நீட்டினார்.

"இன்னொன்னு குடுங்க அம்மணி. அருமையா இருக்குதுங்க. எந்தூருப் பண்டமுங்க இது?"

அத்தை அவரை முதலிலேயே பார்த்துவிட்டார். பேசாமல் கொடுத்திருக்கலாம். ஆனால் வளர்ந்த வளர்ப்பு விடுமா? பெரியவர் கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? "மெக்சிகோங்க மாமா" என்று சொல்லிவிட்டார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவர் நிமிர்ந்தார். கொஞ்ச நேரம் அத்தையையே பார்த்தார். பிறகு அந்த இரண்டாவது தட்டையும் மிச்சமில்லாமல் சாப்பிட்டு, கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு, "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு அவரும் இன்னும் சில பெரியவர்களும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். காப்பி கொடுத்தோம். யாரும் குரலை உயர்த்தவில்லை. எங்கள் ஊரில் ஒருவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதானாலும் 'தள்ளட்டுங்களா?' என்று கேட்டுவிட்டுத்தான் தள்ளுவார்கள்.

"புள்ள கெட்டிக்காரிதானுங்க, அதுல ஒண்ணும் கொறையில்லைங்க" என்றார் பெரியப்பா. "ஆனாப் பாருங்க, ஊரே அங்க வந்து திங்குதுங்க. புருசன் இருக்கறப்ப இதென்னங்க கோலம்னு நாலு பேரு கேக்கறாங்க. பையனும் போன்ல ரொம்ப வருத்தப்பட்டானுங்க. டிக்கெட்டு இருக்கறப்பவே அனுப்பிச்சுப்போட்டா எல்லாத்துக்கும் நல்லதுங்க."

அப்பா தலையாட்டினார். கதவோரம் நின்றிருந்த அத்தை, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"கடை ஓடுச்சுன்னா இருக்கலாம்னீங்களேண்ணா. ஓடுதுங்களே."

அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓடுனதுதான் கண்ணு வம்பாப் போச்சு" என்றார்.

ஓடாமல் இருந்திருந்தால் பந்தயத்தில் தோற்றுப் போயிருப்பார். ஓடியதால் எல்லோர் கண்ணிலும் பட்டுப் போக வேண்டியதாயிற்று. அத்தைக்கு எந்தப் பக்கமும் வழி இருந்திருக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அந்தப் பெரியப்பா செத்துப்போய் வெகுகாலம் ஆகிறது. அப்பாவும் போய்விட்டார். அப்பாவின் காரியத்துக்குக்கூட அத்தை வரவில்லை. "அவளுக்கு ஒடம்புக்கு முடியலைங்க" என்று மாமாதான் போனில் சொன்னார். எப்போது கூப்பிட்டாலும் மாமாதான் போனை எடுப்பார். அத்தைகிட்டக் குடுங்க என்று கேட்டால், "தூங்கறாளுங்க" என்பார், "குளிக்கறாளுங்க" என்பார். அத்தை இருக்கிறார் என்பதற்குமேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. டெக்சாசில் இப்போது தெருவுக்குத் தெரு இந்த ரொட்டிக் கடைகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். அத்தை அதில் ஒன்றிலாவது நுழைந்து உட்கார்ந்திருப்பாரா?

அந்த வருஷம் அத்தை கிளம்பிய காலையில் அம்மா எங்கள் எல்லோருக்கும் முன்னால் எழுந்துவிட்டார். கோழித் தீனி என்று சொன்ன அம்மா, யாரும் கேட்காமலே சோளம் ஆட்டி, தகட்டில் அழுத்தி, ரொட்டி சுட்டு வைத்திருந்தார். அத்தை வாசலில் அம்மாவைக் கட்டிக்கொண்டதும் காரில் ஏறியதும் சட்டென்று முடிந்துவிட்டன. அப்பா கார்க் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகுதான் அம்மாவுக்கு ரொட்டி ஞாபகம் வந்தது. துணியில் சுற்றி என் கையில் திணித்து, "ஓடு, ஓடு" என்றார்.

கார் நகரத் தொடங்கியிருந்தது. ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன். அத்தை அதைப் பாதி இறக்கினார். அந்த இடைவெளி வழியாக ரொட்டியை உள்ளே நீட்டினேன். அத்தை வாங்கவில்லை. துணியையும் அதைப் பிடித்திருந்த என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, என்னையே பார்த்தார். அழுதார். அமெரிக்கா போகிறவர்கள் எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஊருக்குப் போகிறவருக்கு நல்லதாக நாலு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தையைச் சொன்னேன்.

"அங்க போனதும் கதவு, சன்னல் எல்லாம் நல்லாச் சாத்திக்கங்க அத்தை. குளிருமுங்க."

"சரி கண்ணு, சாத்திக்கறேன்" என்றார் அத்தை.